அப்பாவோட லண்டன் என்ஜின்

எங்க மதுராந்தகம் பக்கத்துல ஒரு காலத்துல புல்லட் வெச்சிருந்தவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். ரைஸ் மில்லுக்காரர், போலீஸ் இன்ஸ்பெக்டர், கரும்பு வெட்டு காண்ட்ராக்ட் எடுக்கிறவர், அப்புறம் எங்க அப்பா. முதல் மூணு பேருக்கும் அது அந்தஸ்து. எங்க அப்பாவுக்கு மட்டும் அது மாடு மாதிரி. உர மூட்டை, விதை நெல், பால் கேன், பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டு அக்கான்னு எல்லாத்தையும் அதுலதான் ஏத்திட்டுப் போவார். 1961 மாடல், 350 சி.சி. போலீஸ் ஏலத்துல எடுத்த ஒருத்தர்கிட்ட இருந்து 1974ல வாங்கினது. அவர் கண்ணை மூடுற வரைக்கும் ஊர்ல சொல்லிக்கிட்டு இருந்தது ஒண்ணே ஒண்ணு: "இது மெட்ராஸ் என்ஜின் இல்லடா, லண்டன் என்ஜின்."

இந்தப் பேச்சை நாங்க யாரும் சோதிச்சுப் பார்த்ததில்லை. இந்த வருஷம் பார்க்க வேண்டியதாப் போச்சு. கிணத்துல தண்ணி இறங்கிப் போய், போரை இன்னும் ஆழப்படுத்த பணம் தேவைப்பட்டுது. அதே சமயம் பழைய வண்டி வாங்கிச் சேர்க்கிற ஒருத்தர் வீடு தேடி வந்தார். மெட்ராஸ்ல செஞ்ச என்ஜினா இருந்தா ஒரு விலை, இங்கிலாந்துல செஞ்சதுன்னு நிரூபிச்சா அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. என் தம்பி அன்னைக்கு ராத்திரியே கணக்குப் போட்டு, போர் போட்ட பிறகும் மிச்சம் எவ்வளவுன்னு சொல்லிட்டான். என்ஜினும் கொஞ்ச நாளா அடியில "டொக் டொக்"ன்னு அடிச்சுக்கிட்டு இருந்தது. சரி, பிரிச்சுத்தான் பார்ப்போம்னு என்ஜினை இறக்கி ஒரு குட்டி யானையில ஏத்தி சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டு போனேன்.

ஏன் சிந்தாதிரிப்பேட்டைன்னு கேட்பீங்க. எழும்பூர்ல இருந்து புதுப்பேட்டைக்குள்ள நுழைஞ்சா, ரோட்டோட ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போட்ட வண்டிதான். கதவு, பம்பர், கியர் பாக்ஸ், சைலன்சர் எல்லாம் நம்ம ஊர்ல எரு குவிச்ச மாதிரி குவிச்சு வெச்சிருப்பாங்க. அங்கிருந்து கூவத்தைத் தாண்டினா சிந்தாதிரிப்பேட்டை. அந்தப் பக்கம் சாமான், இந்தப் பக்கம் ஒரு சந்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர். வயசு எழுபதைத் தாண்டியிருக்கும். எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவாங்க. பழைய புல்லட் என்ஜினைத் தவிர வேற எதையும் தொடமாட்டார்.

சிந்தாதிரிப்பேட்டைக்கே ஒரு கதை இருக்கு. மூணு பக்கமும் கூவம் வளைச்சுக்கிட்டு ஓடுற இந்த இடத்துல 1734ல கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்துல கம்பெனிக்காரன் நெசவாளிங்களுக்குன்னு ஒரு ஊரை உண்டாக்கினான். அதுக்கு முன்னாடி சுங்குராமன்னு ஒரு பெரிய வியாபாரியோட தோட்டம் அது. நூல் நூற்கிறவங்க, நெய்யறவங்க, துணிக்குச் சாயம் போடறவங்க, வெளுக்கிறவங்கன்னு துணி வேலைக்காரங்களைத்தான் குடி வெச்சாங்க. சின்னத் தறிப்பேட்டைன்னு சொன்னதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆச்சுன்னு சொல்றாங்க. ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்துக் கோயில்ல இருக்கிறது அந்தக் காலத்து அடையாளம். இப்ப தறி ஒண்ணும் இல்லை. மீன் மார்க்கெட், பறக்கும் ரயில் ஸ்டேஷன், தள்ளிப் போனா ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டுப் பக்கம் சிம்ப்சன் கம்பெனி. 1840ல குதிரை வண்டி கட்ட ஆரம்பிச்ச அதே சிம்ப்சன்தான் இன்னைக்கு நம்ம மாசி டிராக்டருக்கு என்ஜின் குடுக்குது.

இந்த நெசவுக் கதையை நான் சொல்றதுக்குக் காரணம் உண்டு. புல்லட் பிறந்த ரெட்டிச்சும் துணி சம்பந்தப்பட்ட ஊர்தான். அது ஊசி செய்யற ஊர். ஜார்ஜ் டவுன்செண்ட்னு ஒருத்தர் 1851ல அங்க ஊசி செய்ய ஆரம்பிச்சார். ஊசியில இருந்து சைக்கிள் பாகம், அப்புறம் சைக்கிள். நடுவுல கம்பெனி கை மாறி, என்ஃபீல்டுங்கிற ஊர்ல இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகம் செஞ்சு குடுத்தாங்க. அதனாலதான் ராயல் என்ஃபீல்டுன்னு பேரு, வண்டியில பீரங்கிப் படம். முதல் மோட்டார் சைக்கிள் 1901ல வந்தது. புல்லட்ங்கிற பேரு 1932ல. நாம பார்க்கிற உருவத்துல, பின்னாடி ஷாக் அப்சார்பர் வெச்ச புல்லட் 1948ல போட்டிகள்ல ஓடி, 1949ல விற்பனைக்கு வந்தது. ரெட்டிச் இருக்கிறது லண்டன்ல இருந்து நூறு மைல் தள்ளி, பர்மிங்காம் பக்கத்துல. ஆக, அப்பா சொன்ன "லண்டன்" முதல்லயே அடிபட்டுப் போச்சு. ஆனா நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் தேசம் முழுசும் லண்டன்தானே, அதை விடுங்க.

மெட்ராஸுக்கு அதைக் கொண்டு வந்தது கே.ஆர். சுந்தரம் ஐயரோட மெட்ராஸ் மோட்டார்ஸ். டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் வேற, இவர் வேற. பல பேர் குழப்பிக்கிறாங்க. எல்லையில ரோந்து போக பட்டாளத்துக்கும் போலீசுக்கும் வண்டி தேடின இந்திய அரசாங்கம், 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிக்கு ஆர்டர் குடுத்தது. அந்த நேரத்துல அரசாங்கத்தோட கொள்கையும் மாறிக்கிட்டு இருந்தது. பெட்டியில வர்ற பாகங்களைப் பூட்டி விக்கிறதை மட்டும் தொழிலா வெச்சிருக்கிறவங்க, இங்கேயே படிப்படியா செய்யத் திட்டம் காட்டணும், இல்லைன்னா மூடிட்டுப் போகணும்னு 1953ல சொல்லிட்டாங்க. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினது அப்பதான். 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி திருவொற்றியூர்ல தொழிற்சாலை போட்டாங்க. முதல்ல பெட்டியில வந்த பாகங்களைப் பூட்டினாங்க. அப்புறம் அச்சும் கருவியும் வாங்கி ஒவ்வொரு பாகமா இங்கேயே செஞ்சாங்க. 1962க்குள்ள எல்லா பாகமும் இங்க செய்யறதுன்னு ஆச்சு.

இப்ப எங்க வண்டியோட வருஷத்தைப் பாருங்க. 1961. சரியா மாறுற நேரம். அப்பா சொன்னது முழுப் பொய்யாவும் இருக்கலாம், பாதி உண்மையாவும் இருக்கலாம்.

பாய் ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போல்டோட தலையையும் விரலால தடவிப் பார்த்தார். பழைய புல்லட்டுல இருக்கிறது வெள்ளைக்கார மரை. விட்வொர்த்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர் 1841ல வகுத்த கணக்குல வந்த குடும்பம். மரையோட கோணம் 55 டிகிரி. இன்னைக்குக் கடையில கிடைக்கிற மில்லிமீட்டர் போல்டுக்கு 60 டிகிரி. நம்ம ஊர்ல பழைய லிஸ்டர் மாடல் ஆயில் என்ஜின் வெச்சிருந்தவங்களுக்கு இது தெரியும். மோட்டார் ஷெட்டுல அந்த என்ஜினுக்குன்னு தனியா ஒரு செட் ஸ்பேனர் எண்ணெய்த் துணியில சுத்தி இருக்கும். 12ம் ஏறாது 13ம் ஏறாது. திருவொற்றியூர்ல புல்லட் செஞ்சவங்க ரெட்டிச் ஃபேக்டரி மூடின பிறகும் வருஷக்கணக்கா இந்த மரையை விடலை. எங்க என்ஜின்ல ஏழு போல்டு மில்லிமீட்டர். யாரோ அவசரத்துக்கு அடிச்சு ஏத்தினது. அந்த ஏழு ஓட்டையிலயும் மரை தேஞ்சு போயிருந்தது. "எந்த மெக்கானிக் எந்த ஊர்ல கை வெச்சான்னு போல்டு சொல்லிடும் தம்பி"ன்னார் பாய்.

முதல்ல ஹெட். ராக்கருக்கு ரெண்டு தனித்தனி மூடி. வால்வு ரெண்டும் புதுசு, எப்பவோ மாத்தினது, சாட்சி சொல்ல லாயக்கில்லை. பிளாக்கைத் தூக்கினதும் பிஸ்டன் தலையில கரியைச் சுரண்டினார். 040ன்னு எழுத்து தெரிஞ்சுது. லேத்துக்காரங்க பாஷையில 40 தௌ. ஒரு அங்குலத்துல ஆயிரத்துல நாற்பது பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட. கம்பெனியில இருந்து வந்தப்ப பிளாக்கோட விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம் 90. கணக்குப் போட்டா 346 சி.சி. வரும். அகலம் கம்மி, ஓட்டம் நீளம். அதனாலதான் புல்லட் வேகமாப் போகாம, ஆனா சேத்துலயும் மூட்டையோட மெதுவா இழுக்கும். 40 தௌன்னா அனேகமா ரெண்டு தடவை போர் கடைஞ்சிருக்கு. ஒரு தடவை எனக்கே ஞாபகம் இருக்கு. அந்த வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்கலை.

பிஸ்டன் இங்க செஞ்சது. அதுல ஆச்சரியம் இல்லை, செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் 1949லயே வந்துடுச்சு. மின்சார சாமான் எல்லாம் பல தடவை மாத்தினது. பாடியில லூகாஸ் டி.வி.எஸ். 1961ல தொடங்கின பிறகு இங்கிலாந்து லூகாஸுக்கும் நம்ம லூகாஸுக்கும் எழுத்துலதான் வித்தியாசம். எங்க வண்டியில இருந்தது நம்மது. இப்படி ஒவ்வொண்ணா மெட்ராஸ் பக்கம் சாய, என் தம்பி முகம் சுருங்கிக்கிட்டே வந்தது. கார்புரேட்டர் மட்டும் ஆமல், பர்மிங்காம்ல செஞ்சது. ஆனா கார்புரேட்டர் ரெண்டு போல்டுல கழட்டி மாட்டுற சாமான். புதுப்பேட்டையில காசு குடுத்தா எவனுக்கும் கிடைக்கும். பாய் அதை ஓரமா வெச்சுட்டார்.

அடுத்து டைமிங் கவர். என்னைக் கேட்டா புல்லட் என்ஜினோட மூளை இங்கதான் இருக்கு. கவருக்குள்ள ஆயில் சலிக்க ஃபெல்ட் துணியில ஒரு ஃபில்டர். ஆயில் தொட்டி தனியா கிடையாது, கிராங்க் கேஸோடவே வார்த்திருப்பாங்க. ரெண்டு பம்ப். ஒண்ணு ஆயிலை மேல அனுப்பும், இன்னொண்ணு கீழ வடிஞ்சதை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பும். திருப்புற பம்ப் அனுப்புறதை விட கொஞ்சம் கூடவே இழுக்கும், அப்பதான் கிராங்க் ஆயில்ல முழுகாது. கழனியில பாய்ச்சற வாய்க்காலும் வடிகாலும் மாதிரின்னு நான் சொன்னேன். பாய் கழனியைப் பார்த்ததே இல்லைன்னு நினைக்கிறேன், தலையை மட்டும் ஆட்டினார்.

ரெண்டு பம்பையும் ஓட்டறது கிராங்க் நுனியில இருக்கிற ஒரு வார்ம் நட். இதுக்கு மட்டும் இடது மரை. எல்லா நட்டையும் கழட்டுற பக்கமே இதையும் திருப்பினா இன்னும் இறுகும், மேல அழுத்தினா போச்சு. அதைக் கழட்டினதும் டைமிங் பல்சக்கரங்கள். ஒவ்வொண்ணுலயும் ஒரு புள்ளி குத்தியிருக்கும். புள்ளியும் புள்ளியும் பார்த்துச் சேரணும். ஒரு பல் தள்ளிச் சேர்ந்தாலும் வால்வு திறக்கிற நேரம் தப்பிடும்.

அப்புறம்தான் "டொக் டொக்"குக் காரணம் கிடைச்சுது. கவரோட உள்பக்கத்துல இருந்து கிராங்குக்கு ஆயில் போற வாசல்ல, மிளகை விடக் கொஞ்சம் பெருசா ஒரு கார்க் சீல். பாட்டில் மூடி செய்வாங்களே, அதே கார்க். எங்க என்ஜின்ல அது நசுங்கி, பொடியா உதிர்ந்து கிடந்தது. அதனால ஆயில் கிராங்குக்குள்ள போகாம வெளியில கசிஞ்சு கீழ வடிஞ்சிருக்கு. புல்லட்டுல கன்ராடோட பெரிய முனையில உருளை பேரிங் கிடையாது, மிதக்கிற புஷ்தான். ஆயில் இருந்தா ஆயுசுக்கும் ஓடும், ஆயில் இல்லைன்னா தேஞ்சு தட்ட ஆரம்பிக்கும். சில ரூபா கார்க்கால பல ஆயிரம் ரூபா கிராங்க் போச்சு.

கிராங்க் கேஸை ரெண்டாப் பிரிச்சார். ரெண்டு பாதியையும் சேர்த்து வெச்சுத்தான் துளை கடைவாங்க, அதனால ஒரு பாதி உடைஞ்சா இன்னொரு வண்டியோட பாதியைப் போட்டா நேரா உட்காராது. எங்களுது ரெண்டும் ஒரே ஜோடி. மேல பொறிச்சிருந்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற எண்ணும் ஒண்ணு. அந்த எண் திருவொற்றியூர்ல போட்டது. அதுல ரெண்டு பேச்சுக்கு இடமில்லை.

கடைசியா டைமிங் பக்கத்து மெயின் பேரிங்கை சூடு காட்டித் தட்டி எடுத்தார். பெட்ரோல்ல கழுவி, வெளி வளையத்தை வெளிச்சத்துல திருப்பினார். ஹாஃப்மேன், செம்ஸ்ஃபோர்ட், இங்கிலாந்து. பாய் முதல் தடவையா சிரிச்சார். ஹாஃப்மேன் 1969ல ரெண்டு கம்பெனியோட சேர்ந்து ஆர்.எச்.பி.ன்னு ஆயிடுச்சு. அதனால இந்தப் பேரிங் அதுக்கு முந்தினது. உட்கார்ந்திருந்த இடத்துல ஒரு தடவை கூட எடுத்து மாட்டின கீறல் இல்லை. "இது பொறந்ததுல இருந்து இங்கேயே கீது தம்பி. உங்கப்பா சொன்னது பொய்யில்ல. ஆனா லண்டன்னு சொன்னா அதுவும் பொய். பேரிங் அங்க, கேஸ் இங்க. பெட்டியில வந்ததை மெட்ராஸ்காரன் பூட்டினான்."

வாங்க வந்தவருக்கு போன்ல சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, வேற வழி இருக்குன்னார். எண்ணைத் தேய்ச்சுட்டு இங்கிலாந்து வண்டி எண் மாதிரி புதுசாப் பொறிச்சு, இன்னும் நாலு பாகம் அங்க செஞ்சதா மாட்டினா, பழைய விலையே தரேன், எண் பொறிக்க ஆள் நானே அனுப்பறேன்னார். என் தம்பி என்னைப் பார்த்தான். போர் போட வேண்டிய காசு அது, நானும் உடனே பதில் சொல்லலை. பாய் போனை என் கையில இருந்து வாங்கினார். "சார், என்ஜின் நம்பர்ல கை வெச்சா உள்ள போறது இவரு, நீங்க இல்ல. வேற கடை பாத்துக்கங்க"ன்னு சொல்லி வெச்சுட்டார். அப்புறம் என்கிட்ட, "நம்பரைத் தேச்சா அது வண்டியே இல்ல தம்பி, திருட்டு சாமான்"ன்னார். புதுப்பேட்டைக்கு எதிர்க்கரையில நாற்பது, ஐம்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறவர் சொல்றார், அதுக்கு மேல நான் என்ன பேச. பழைய விலையில கால்வாசிக்குத்தான் அந்த ஆள் அப்புறம் கேட்டார். தரமாட்டேன்னுட்டேன். போருக்குக் கூட்டுறவு பேங்க்ல நகையை வெச்சோம். தம்பிக்கு இன்னும் வருத்தம்தான், அதுல நியாயமும் இருக்கு.

எனக்கு அன்னைக்குத் தோணினது வேற. இங்கிலாந்துல செஞ்சதுக்கு ஒரு விலை, நம்ம ஆள் செஞ்சதுக்கு அதுல பாதின்னு யார் வெச்சது? ரெட்டிச் தொழிற்சாலை 1967ல மூடிடுச்சு, 1970 வாக்குல அந்தக் கம்பெனியே இல்லை. அதே புல்லட்டைத் திருவொற்றியூர்ல விடாம செஞ்சு, 1977ல இங்கிலாந்துக்கே ஏத்துமதி பண்ணினாங்க. ஊசி ஊர்க்காரன் மறந்த வேலையைத் தறிக்காரன் ஊர் வெச்சுக் காப்பாத்தியிருக்கு. 1990களோட ஆரம்பத்துல கம்பெனி நொடிச்சுப் போய் ஐஷர் கைக்கு வந்த பிறகும் அந்த இரும்பு பிளாக் என்ஜின் புகைச் சட்டம் கடுமையாகிற வரைக்கும், 2010 வாக்குல வரைக்கும் வந்துக்கிட்டு இருந்தது. இவ்வளவு காலம் உருவம் மாறாததைக் குறையாச் சொல்றவங்க உண்டு. ஆனா அதனாலதான் 1961 வண்டிக்கு 1990 வண்டியோட சாமான் சின்ன வேலை செஞ்சு பூட்ட முடியுது.

உழவனுக்கு அது எவ்வளவு தோதுன்னு குஜராத்ல அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி காட்டினார். காளை மாடு வெச்சுக் கட்டுப்படி ஆகாம 1994ல புல்லட்டோட பின் சக்கரத்தைக் கழட்டிட்டு, ரெண்டு சின்னச் சக்கரமும் கலப்பையும் மாட்டி உழவு ஓட்டினார். புல்லட் சாந்தின்னு பேரு, அவங்க பக்கத்துல சாந்தின்னா களை எடுக்கிற கருவி. டீசல் புல்லட்டை அதுக்கு வெச்சார். 325 சி.சி., ஆறரை குதிரை சக்தி, நம்ம பம்ப் செட்டுக்கு வர்ற கிரீவ்ஸ் லம்பார்டினி ஜாதி என்ஜின். எங்க அப்பாவுக்கு டீசல் புல்லட்னா பிடிக்காது. அது அதிர்ற அதிர்ச்சியில பால் வெண்ணெய் ஆயிடும்பார்.

கிராங்க் புஷ் புதுசு, கன்ராடு பழசே. மில்லிமீட்டர் ஏத்தின ஏழு ஓட்டைக்கும் லேத்துல புஷ் அடிச்சு திரும்ப இங்கிலீஷ் மரை வெட்டினாங்க, இதுக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு. மெயின் பேரிங் இந்தியாவுல செஞ்சது போட்டோம். ஹாஃப்மேன்ல குண்டூசி முனை அளவு குழி விழுந்திருந்தது, வெச்சா ஆறு மாசம் தாங்காதுன்னு பாய் சொன்னார். கடைசியா புஷ்ராடை அட்ஜஸ்ட் பண்ணினார். என்ஜின் ஆறின பிறகு, ராடு மேலயும் கீழயும் ஆடக்கூடாது, ஆனா ரெண்டு விரலால சுத்தினா சுத்தணும். ஃபில்லர் கேஜெல்லாம் அவர் எடுக்கவே இல்லை.

இப்ப 300 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஏரிக்கரை ரோட்டுல நாற்பதுக்கு மேல நான் விடறதில்லை. 500ல ஆயில் மாத்தணும். பழைய புல்லட் வெச்சிருக்கிறவங்க அடுத்த தடவை டைமிங் கவரைத் திறக்கிறப்ப, நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் அந்தக் கார்க் சீலை மாத்திடச் சொல்லுங்க. மெக்கானிக் "அது எதுக்கு"ன்னு கேட்டா, வண்டியை வேற இடத்துக்குத் தள்ளிட்டுப் போங்க.